பாடத்தில் நீ இல்லை, தாரணி

என் தாரணிக் கண்ணுக்கு,

நீ போன பிறகு வந்த செமஸ்டரில் அந்தப் பாடம் வந்தது. ‘தற்கொலை: ஒரு சமூக நிகழ்வு.’ மேடம் பலகையில் தலைப்பை எழுதிவிட்டுத் திரும்பினார். வகுப்பு மொத்தமும் என் பக்கத்தில் நீ உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தது.

மேடம் சாக்பீஸைக் கீழே வைத்தார். “பாடத்துல இருக்குதும்மா, நடத்தித்தான் ஆகணும். யாருக்காச்சும் முடியலைன்னா வெளிய போயிருங்க. அட்டெண்டன்ஸ் போட்டுடறேன்” என்றார். யாரும் எழுந்திருக்கவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை. எனக்கு அதைக் கேட்டே ஆகவேண்டும் என்று வெறியாக இருந்தது. எத்தனையோ பேர் ஆராய்ந்து எழுதிய புத்தகம், உன்னைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லாமலா இருக்கும்?

நாம் ஆசைப்பட்டா சமூகவியலில் சேர்ந்தோம்? காமர்ஸில் இடம் கிடைக்காமல் வந்த இரண்டு பேர் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம், அவ்வளவுதான். சோசியாலஜி என்று சொன்னதற்கு உன் பெரியம்மா, “சோசியமா? அப்ப என் கையப் பாத்துச் சொல்லு அம்மிணி” என்று உள்ளங்கையை நீட்டியதை ராசிபுரம் பஸ்ஸில் நடித்துக் காட்டினாயே, கண்டக்டர்கூடச் சிரித்தார். ஆனால் குடும்பம், சாதி, சடங்கு என்று ஒவ்வொரு பாடமாக வர வர நமக்கு அந்தப் படிப்பு பிடித்துப்போனது. “நம்மளப் பத்தித்தான் புள்ள எழுதியிருக்காங்க” என்பாய். அதையேதான் நானும் நம்பி உட்கார்ந்திருந்தேன்.

மேடம் வகைகளைச் சொன்னார். சமூகத்தோடு பிணைப்பு விட்டுப்போனவர்கள் ஒரு வகை. பிணைப்பு அளவுக்கு மீறி இறுகிப்போனவர்கள் ஒரு வகை. வாழ்க்கையின் ஒழுங்கு திடீரென்று குலைந்துபோனவர்கள், விதிகளுக்குள் நசுங்கிப்போனவர்கள் என்று இன்னும் இரண்டு. நான் ஒவ்வொன்றிலும் உன்னை வைத்துப் பார்த்தேன். புதுச்சத்திரத்தில் பஸ் ஏறினால் பாதிப் பேரிடம் பேசிக்கொண்டு வருகிறவள் நீ. உனக்கா பிணைப்பு இல்லை? கடைசி வாரம்கூட என் டிபன் பாக்ஸைப் பிடுங்கித்தானே சாப்பிட்டாய்? எந்த வகையிலும் நீ உட்காரவில்லை, தாரணி. பென்சிலால் உன் பெயரை எழுதி எழுதி அழித்ததில் அந்தப் பக்கமே கிழிந்துவிட்டது.

ஊருக்கு இந்தக் கஷ்டமெல்லாம் இல்லை. காதல் என்றார்கள். மார்க் என்றார்கள். உன் ஃபோனில் எதுவும் கிடைக்காமல் போனதும், படிப்புதான் காரணம் என்று முடிவுக்கு வந்தார்கள். என் அம்மாவும் பயந்துவிட்டாள். “கண்டதையும் யோசிக்க வெக்கற படிப்பு நமக்கு வேண்டாஞ் சாமி. இந்த வருசத்தோட நிறுத்திக்க” என்றாள். அந்தச் சமயத்தில் எனக்குப் படிப்பும் வேண்டியிருக்கவில்லை, சோறும் வேண்டியிருக்கவில்லை. படுத்தால் தூக்கம் வராது, எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று இருக்கும். இதை யாரிடம் சொல்வது? சொல்லக்கூடியவள் நீதானே? நீதானே இல்லை?

ஒரு நாள் கல்லூரிக்குக் கிளம்பியவள், ராசிபுரத்தில் இறங்கி உன் ஊர் பஸ்ஸில் ஏறிவிட்டேன். எதற்கு என்று இப்போதும் தெரியவில்லை. உன் அம்மா கோழிப்பண்ணைக்கு முட்டை எடுக்கக் கிளம்பிக்கொண்டிருந்தார். உன் அப்பா லாரி ஓட்டிக்கொண்டு வடக்கே போனவர். ஊருக்கு வருவதையே குறைத்துக்கொண்டாராம்.

“வா சாமி, ஊட்டுக்குள்ள வா” என்றார் உன் அம்மா. உட்கார்ந்தேன். தண்ணீர் கொடுத்தார்.

“ஏஞ்சாமி, உங்க படிப்புல அதப் பத்தியே பாடம் வருதாமா? பஸ்ஸுல புள்ளைங்க பேசிட்டு வந்துதுங்க.”

“ஆமாங்கம்மா.”

“அதுல எம்புள்ள ஏன் அப்பிடிப் பண்ணுச்சுன்னு போட்டிருக்குதா?”

“இல்லீங்கம்மா.”

“நீ நல்லாப் படிச்சுப் பாத்தியா?”

“பாத்துட்டனுங்கம்மா. எல்லாத்தையும் பாத்துட்டேன்.”

தலையை ஆட்டிக்கொண்டார். அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தவர், “நீ ஏன் இப்பிடி எளச்சுப் போயிட்டே? சோறு திங்கறியா இல்லியா?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை யார் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேனோ என்னவோ. அவர் கேட்டார், சொல்லிவிட்டேன். “எனக்கும் சில நேரம் இருக்கவே வேண்டாம்னு தோணுதுங்கம்மா.”

உன் அம்மாவின் முகம் போன போக்கை உனக்கு எப்படி எழுதுவேன்? அதை நீ ஒரு தடவை பார்த்திருந்தால் போதும் என்று தோன்றியது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். எலும்பு வலிக்கும் பிடி. “உங்கம்மாகிட்டச் சொன்னியா?”

“இல்லீங்க.”

“எங்கிட்டச் சொல்லிட்டீல்ல, செரி. எந்திரி, போலாம்.”

பண்ணைக்கு ஃபோன் போட்டு வரமுடியாது என்றார். நாமக்கல் பஸ்ஸில் ஜன்னலோரம் என்னை உட்கார வைத்துக்கொண்டார். வழி முழுக்க அந்தக் கையை விடவில்லை. அரசு ஆஸ்பத்திரியில், மனநல டாக்டர் எங்கே என்று கூச்சப்படாமல் சத்தமாகக் கேட்டார். நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நின்றார்.

டாக்டர் என்னிடம் நிறையக் கேட்டார். பிறகு உன் அம்மாவிடம், “நீங்க என்ன வேணும்மா இவங்களுக்கு?” என்றார்.

“அம்மாங்க.”

“வீட்டுல வேற யாருக்காவது இந்த மாதிரி எண்ணம் வந்திருக்குதா?”

உன் அம்மா சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டினார். “பெரியவ ஒருத்தி இருந்தாளுங்க. அவ எங்கிட்டச் சொல்லலீங்க. போயிட்டா. இது சின்னது. இது சொல்லிருச்சுங்க.”

அதற்குப் பிறகுதான் அழுதார், தாரணி. அப்படி ஒரு அழுகையை நான் கேட்டதில்லை. டாக்டர் எழுந்து வந்து அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் அவர் காலடியில் உட்கார்ந்து அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டேன். வெளியே யார் யாரோ காத்திருந்தார்கள். யாரும் எங்களை அவசரப்படுத்தவில்லை.

அன்று சாயங்காலம் அவரே நாமகிரிப்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்து என் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். கடைசியில், “படிப்ப மட்டும் நிறுத்திராதீங்க. அது படிக்கட்டும்” என்றார். என் அம்மா உன் அம்மாவுக்குச் சோறு போட்டு, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

இப்போது மாத்திரை சாப்பிடுகிறேன். டாக்டரைப் பார்க்கப் போகிறேன். இரண்டு அம்மாக்களில் ஒருவர் கூட வருகிறார். சரியாகிவிட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். சில காலைகள் இன்னமும் கல்லாகக் கனக்கின்றன. ஆனால் கனக்கிறது என்று எழுந்ததும் யாரிடமாவது சொல்லிவிடுகிறேன். நேற்றுப் பரீட்சை. அந்தப் பாடத்திலிருந்தே கேள்வி வந்தது. புத்தகத்தில் இருந்ததை ஒழுங்காக எழுதிவிட்டு வெளியே வந்து, வேப்பமரத்தடியில் நின்று உன்மேல் ஆத்திரம் தீர அழுதேன். சொல்லியிருக்கலாமே புள்ள. ஒரே ஒரு வார்த்தை யாரிடமாவது சொல்லியிருக்கலாமே.

நீ ஏன் போனாய் என்பது எனக்குக் கடைசிவரை தெரியாமலே போகலாம். தெரிந்தால்தான் வாழ்வேன் என்று பிடிவாதம் பிடித்துப் பார்த்தேன், முடியவில்லை. அதனால் உனக்கு ஒன்றை மட்டும் சத்தியம் செய்து தருகிறேன். புரியாவிட்டாலும் நான் இருப்பேன்.

உன் தங்கச்சி,
சுகன்யா