ஒரே பாஷை என்று நான் போட்ட சட்டம்

மாமா,

பவிக்குப் பள்ளி மாற்றுகிறோம். புதுப் பள்ளியின் விண்ணப்பத்தில் ‘வீட்டில் பேசும் மொழி’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. பழைய மருத்துவ அறிக்கைகளையும் கேட்டிருக்கிறார்கள். பீரோவிலிருந்து உங்கள் நீல ஃபைலை எடுத்துத் திறந்தேன். நீங்கள் போய் இரண்டு வருடம் ஆகியும் அதில் மூக்குப்பொடி வாசனை போகவில்லை. நாலு தும்மல் போட்டுவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

மூன்று வயதில் உங்கள் பேத்தி ஒரு வார்த்தை பேசவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். வீட்டிலுள்ள தண்ணீர் பாட்டில்களை எல்லாம் வரிசையாக அடுக்குவாள். யாராவது ஒன்றை எடுத்துக் குடித்துவிட்டால் தொண்டை கட்டும்வரை அழுவாள். டாக்டர் ஆட்டிசம் என்றார். அந்தச் சொல்லை நம் வீட்டில் யாரும் அதற்குமுன் கேட்டதில்லை. ஆனால் சொந்தக்காரர்களுக்குக் காரணம் உடனே தெரிந்துவிட்டது. பெற்றவள் காலையிலேயே கிளம்பி வைட்ஃபீல்டில் ஆபீஸ் ரிசப்ஷனில் உட்கார்ந்துகொண்டால் பிள்ளைக்கு யார் பேச்சுச் சொல்லித் தருவது என்று என் காதுபடவே பேசினார்கள்.

அப்போது பிளே ஸ்கூல் மிஸ் ஒரு யோசனை சொன்னார். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பக்கத்து வீட்டில் உருது, பள்ளியில் இங்கிலீஷ் என்று குழந்தை குழம்பிப்போயிருக்கிறது, இனி எல்லாரும் ஒரே பாஷையாக இங்கிலீஷே பேசுங்கள் என்றார். நம் தொம்மலூரில் எந்தப் பிள்ளைதான் மூன்று பாஷை காதில் விழாமல் வளர்கிறது? அதைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. அன்று சாயங்காலமே வீட்டில் சட்டம் போட்டேன்.

என் இங்கிலீஷ், ஆபீஸுக்கு வருகிறவர்களை உட்காரச் சொல்கிற இங்கிலீஷ். கம், சிட், ஈட், நோ. இந்த நாலு வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையை வளர்க்கப் பார்த்தேன். உங்கள் பிள்ளை ஆபீஸ் ஆட்களை ஏற்றி இறக்கும் ஷட்டில் வண்டி ஓட்டிவிட்டு வந்து, எதற்கு வம்பு என்று டிவி முன்னால் உட்கார்ந்துகொண்டார். ஃபாக்டரியில் முப்பது வருடம் ஃபிட்டராக இருந்து, கன்னடத்திலும் தமிழிலும் வாய் ஓயாமல் பேசியவர் நீங்கள். “குட் மார்னிங் பவி” என்பீர்கள். அதற்குமேல் வழி தெரியாமல் நிற்பீர்கள். அதைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன், மாமா. இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

வாரத்தில் மூன்று நாள் அவளை சிவாஜிநகர் பக்கம் இருந்த தெரபி சென்டருக்கு பஸ்ஸில் கூட்டிப்போனது நீங்கள்தான். ஒருநாள் எனக்கு அரை நாள் லீவு கிடைத்தது. ஓடிப்போய் ஏறிய பஸ்ஸில் இரண்டு சீட் முன்னால் நீங்கள் இருவரும் இருந்தீர்கள். கூட்டத்தில் என்னைப் பார்க்கவில்லை. வழி நெடுக அவளிடம் பேசிக்கொண்டே வந்தீர்கள், தமிழில்.

“அதோ கறிக்கடை. ஆடு தொங்குது பாரு. இப்ப பஸ் திரும்பும் பவிம்மா, தாத்தா மேல சாஞ்சுக்கோ.”

பஸ் திரும்புவதற்குள் அவள் உங்கள் மேல் சாய்ந்தாள். என் கண்ணால் பார்த்தேன். அவளுக்குப் புரிகிறது என்று அதற்கு அர்த்தம். கோபத்தில் அது என் மண்டையில் ஏறவில்லை. இறங்கியதும், துணிக்கடைக்காரர்கள் பார்க்கப் பார்க்க, நடுத்தெருவில் கத்தினேன்.

“உங்களாலதான் மாமா அவ பேச மாட்டேங்கறா.”

ஊர் என் தலையில் கட்டிய பழியை வேறு யார் தலையிலாவது இறக்க வேண்டியிருந்தது. வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மனுஷர் நீங்கள், அகப்பட்டீர்கள். “சரிம்மா, இனிமே பேசல” என்றீர்கள். அதன்படியே இருந்தீர்கள். வீட்டில் மட்டுமல்ல, பஸ்ஸிலும் வாயைத் திறக்கவில்லை என்று பிறகு தெரிந்தது.

நாலு மாதம் கழித்து தெரபிஸ்ட் என்னை வரச் சொன்னார். தாத்தா ஏன் இப்போதெல்லாம் குழந்தையிடம் பேசுவதில்லை என்று கேட்டார். முன்பெல்லாம் உள்ளே வரும்போது தாத்தா முகத்தைப் பார்த்துக்கொண்டே வருவாள், இப்போது அதுவும் நின்றுபோனது என்றார். நான் என் சட்டத்தைப் பெருமையாகச் சொன்னேன். தெரபிஸ்ட் கன்னடத்துக்காரர், எனக்குப் புரியட்டும் என்று நிதானமாகக் கன்னடத்தில் விளக்கினார். பல பாஷை கேட்பதால் ஆட்டிசம் வராது. அம்மா வேலைக்குப் போவதாலும் வராது. உங்களுக்கு மனசாரப் பேச வருகிற பாஷையில் நிறையப் பேசுங்கள், அவளுக்கு அதுதான் வேண்டும் என்றார். அங்கேயே அழுதுவிட்டேன். என் பழி தீர்ந்ததே என்றுதான் அழுதேன். உங்கள் நினைப்பு பாதி வழியில்தான் வந்தது.

வீட்டுக்கு வந்து, “தமிழ்லயே பேசலாம்னு சொல்லிட்டாங்க மாமா” என்றேன், ஏதோ ரேஷன் கார்டு வந்துவிட்டது என்பதுபோல. மன்னிப்பு வாய்வரை வந்து திரும்பிவிட்டது. நீங்கள் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. “அப்பாடா, தப்பிச்சேன்” என்று சிரித்துவிட்டு அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பேச ஆரம்பித்தீர்கள்.

அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. ஐந்து வயதில் ‘தண்ணி’ வந்தது. பிறகு ‘பஸ்’, ‘வேணாம்’. ஒன்று ஒன்றாகத்தான் வரும். இரண்டு வார்த்தை சேராது. அது சேரும் நாளைத்தான் நீங்கள் எதிர்பார்த்துக்கொண்டிருந்தீர்கள். சேர்ந்துவிட்டால் அப்புறம் நம்மைப் பேச விடமாட்டாள் என்பீர்கள்.

அவளுக்கு ஏழு வயதில் உங்களுக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை. தாத்தா ஊருக்குப் போயிருக்கிறார் என்று பிள்ளையிடம் சொல்லச் சொன்னார்கள் சொந்தக்காரர்கள். தெரபிஸ்ட் அது வேண்டாம் என்றார். ஊர் என்றால் அவள் காத்துக்கொண்டே இருப்பாள், நேராகச் சொல்லுங்கள் என்றார்.

அடுத்த தெரபி நாளில் அவள் கிளம்பி வாசலில் நின்றாள். நான் தரையில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். “தாத்தா செத்துட்டார் பவிம்மா. நெஞ்சு நின்னுபோச்சு. இனிமே வரமாட்டார். அம்மா கூட்டிட்டுப் போறேன்.” நாலு தடவை சொன்னேன். என் இங்கிலீஷில் இதை எப்படிச் சொல்லியிருப்பேன்? அவள் என் கையை விடாமல் கூட வந்தாள்.

பஸ் அல்சூர் தாண்டும்போது ஜன்னலைப் பார்த்தபடி, “தாத்தா வரல” என்றாள்.

இரண்டு வார்த்தை, மாமா. சேர்த்துச் சொன்னாள். உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று கைப்பையில் போனைத் தேடினேன். கையில் எடுத்த பிறகுதான் நினைவு வந்தது.

இன்று அவள் நாலைந்து வார்த்தை சேர்த்துப் பேசுகிறாள். பாதி எனக்குத்தான் புரியும். உங்களால்தான் அவள் பேசினாள் என்று சொன்னால் தெரபிஸ்ட் ஒத்துக்கொள்ள மாட்டார், அப்படியெல்லாம் ஒரே காரணம் கிடையாது என்பார். சரியாகத்தான் இருக்கும். அன்று நடுத்தெருவில் உங்களைப் பற்றி ஆதாரமில்லாமல் ஒன்று சொன்னேன். இன்றும் ஆதாரமில்லாமல்தான் சொல்கிறேன். உங்களால்தான், மாமா.