நான் இழுத்த கயிறு

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொண்டது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும், தினமும் எனக்கு அதுதான் வேண்டுதல். இங்கே அப்பாவும் நானும் எழுந்து நடமாடுகிறோம். மாமா உயிரோடு இருக்கிறான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பதறிக்கொண்டே படிக்காதே. போன வாரம் போனில் அவனுக்குக் காய்ச்சல் என்று நான் சொன்னது பொய். உண்மையைப் போனில் சொல்ல எனக்கு வரவில்லை, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எங்கள் ஆலை வேலையை உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. குப்பையில் வரும் பையையும் மூடியையும் உருக்கி, ஆவியாக்கி, உங்கள் கம்பெனி அனுப்புகிற வினையூக்கியின் மேல் விட்டால் பெயின்ட்டுக்கும் மருந்துக்கும் ஆகிற திரவம் வருகிறது. நாங்கள் அதைப் பொடி என்றுதான் சொல்வோம். அக்கா காய் நறுக்குறா, நான் அடுப்பு எரிக்கிறேன், அவ பொண்ணு பொடி போடுறா, மொத்தக் குடும்பமும் ஒரே சமையல்கட்டுலதான் நிக்குதுன்னு உன் மாமா எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பான். எனக்கும் பெருமைதான், மறைப்பானேன். அந்தப் பொடிக்கு பி.வி.சி. பைப்புத் துண்டு ஆகாது. சூட்டில் அது அமிலத்தைக் கக்கும், பொடியைச் சாகடிக்கும், இரும்பையும் தின்னும், ஒண்ணு வந்தாலும் கயித்தை இழுத்துடு அக்கா என்று அவன்தான் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். நாங்கள் நின்று குப்பை பொறுக்குகிற பெல்ட்டுக்கு மேலே ஓடுகிற சிவப்புக் கயிற்றை இழுத்தால் மணி அடித்து பெல்ட் நின்றுவிடும். முதல் ஆறு வருஷத்தில் என் கையைத் தாண்டி ஒரு துண்டு போனதில்லை.

இரண்டு மாதத்துக்கு முன்னால் வேறு சரக்கு வர ஆரம்பித்தது. இடித்த கட்டடங்களின் குப்பை. பாதிக்குப் பாதி பைப்பும் வயர் உறையும், வேகத்தையும் கூட்டிவிட்டார்கள். ஒரே காலையில் நான் மூன்று தடவை கயிற்றை இழுத்தேன். மேஸ்திரி ஓடிவந்து, எம்மா, சும்மா சும்மா நிறுத்தினா லாரியெல்லாம் உங்க வீட்டு வாசல்லயா நிக்கும் என்று கத்திவிட்டு, ஏணி போட்டு ஏறி, கயிற்றைச் சுருட்டி உத்தரத்தில் கட்டிவிட்டார். நான் எட்டிப் பார்த்தேன், எட்டவில்லை. அதன்பிறகு கைக்குத் தப்பிய துண்டெல்லாம் உள்ளே போயிற்று. இதை உன் மாமாவிடம் சொல்லியிருக்க வேண்டும். தம்பிக்கும் மேஸ்திரிக்கும் சண்டை வந்துவிடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் செவ்வாய்க்கிழமை பகல், சாப்பாட்டு மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால், கொதிகலனுக்குப் பக்கத்தில் ஒரு வளைவுக் குழாய் உடைந்தது. உள்ளே காகிதம் மாதிரி அரித்துப்போயிருந்ததாம். உன் மாமா அப்போது அங்கே நின்று அளவு குறித்துக்கொண்டிருந்தான். வலது கை, கழுத்து, பாதி முகம் வெந்துவிட்டது. அதைவிட உள்ளே போன புகைதான் மோசம். டாக்டரம்மா சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார், நுரையீரல் பழையபடி ஆகாது, மாடிப்படி ஏறவே மூச்சு பத்தாது என்று. அத்தை அன்றைக்கு உட்கார்ந்த நாற்காலியிலேயே இருக்கிறாள், நான் ஊட்டினால் இரண்டு வாய் வாங்குகிறாள்.

இரண்டாம் நாள் மேனேஜர் ஆஸ்பத்திரிக்கே வந்தார். பொறுக்குகிற பெண்கள் கவனக்குறைவாகப் பைப்பை விட்டதால்தான் விபத்து என்று எழுதிய காகிதம், அதில் என் கையெழுத்து வேண்டுமாம். போட்டா வைத்தியம் முழுக்க நாங்க பார்த்துக்கிறோம்மா, இல்லன்னா விசாரணை முடியட்டும் என்றார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் மூக்கிலும் வாயிலும் குழாயோடு கிடந்தான். நான் போட்டுவிட்டேன் கண்ணு.

ஒன்பதாம் நாள் குழாயை எடுத்தார்கள். பேச்சு வரவில்லை. என்னைப் பார்த்ததும் இடது கையால் மருந்துச்சீட்டின் பின்னால் கோணல்மாணலாக எழுதிக் காட்டினான், மணி ஏன் அடிக்கல என்று. அத்தனை நாளும் மல்லாந்து கிடந்து அதையே யோசித்திருக்கிறான். நான் எல்லாவற்றையும் சொன்னேன், கையெழுத்துப் போட்டதையும் சொன்னேன். அவன் சீட்டைக் கீழே வைத்துவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். திட்டி ஒரு வரி எழுதியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் விசாரணை அதிகாரியிடம் போய் நான் எழுதிக் கொடுத்தது பொய் என்றேன். ஆலையைப் பூட்டி சீல் வைத்தார்கள். இப்போது என்னோடு வேலை பார்த்த ஐந்து பேரும் தெருவில் என்னைக் கண்டால் எதிர் வரிசைக்கு மாறிப் போகிறார்கள், என்னால்தான் வேலை போயிற்றாம். அதிகாரியோ, முதல்ல ஒண்ணு சொன்னீங்க, இப்ப ஒண்ணு சொல்றீங்க, எதைம்மா நம்புறது, கைக்குக் காகிதம் வேணும் என்கிறார்.

காகிதம் உங்களிடம் இருக்கிறது. வாராவாரம் எங்கள் திரவத்தை பாட்டிலில் அடைத்து உங்கள் கம்பெனிக்குத்தான் சோதனைக்கு அனுப்பினார்கள், அதில் பைப்பிலிருந்து வருகிற குளோரின் ஏறிக்கொண்டே போவது இரண்டு மாதமாக அங்கே தெரிந்திருக்கும் என்று உன் மாமா எழுதிக் காட்டினான். நீ பார்த்தாயா, பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தாயா என்று நான் கேட்கப் போவதில்லை, நானும் பேசாமல் இருந்தவள்தான். அந்தச் சோதனை அறிக்கைகளை அதிகாரிக்கு அனுப்பு. உன் வேலைக்கு ஆபத்து என்றால் வேண்டாம் என்று ஒரு வரி எழுதினேன், மேலே ஓரத்தில் அடித்திருப்பது அதுதான். பெற்றவள் கேட்கக் கூடாததைக் கேட்கிறேன் என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

மாப்பிள்ளையிடம் மறைக்காமல் பேசிவிட்டுச் செய். வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே. நல்லபடியாக இரு, உன் மூச்சுக்கு ஒரு குறையும் வராமல் நூறு வயசு இரு. விசாரணை இருபத்துமூன்றாம் தேதி, மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா