ரெக்கார்டுப் பெட்டிச் சாவி

வைகாசி 8, திங்கள்

காலையிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஹாரன் ஸ்பீக்கர்களைத் துடைத்து வைத்தேன். இடுப்பு விட்டுப்போயிற்று.

புதன்கிழமை மகள் சுமதிக்கு நிச்சயம். அதே நாள் பென்னாகரத்தில் ஒரு கல்யாணத்துக்கு மைக் செட் ஒத்துக்கொண்டு தொலைத்திருக்கிறேன். முகூர்த்தம் என்று யாராவது வந்து நின்றால் வாய் தானாகச் சரி என்கிறது.

ராஜம் பிடித்துக்கொண்டாள். "ஊரான் வூட்டுக் கல்யாணமெல்லாம் பார்த்தாச்சு. பெத்த பொண்ணுக்குத் தட்டு மாத்தக்கூட இருக்க மாட்டீங்களா?"

இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். செட்டோடு கடையாள் ஆரோக்கியம் போகிறான். என்னிடம் வேலைக்கு வந்து வெகு வருஷம். தனியாக ஒரு கல்யாணத்துக்கும் விட்டதில்லை.

9, செவ்வாய்

புழுக்கம். மதியம் ஆரோக்கியம் பஸ் ஏறினான். ரெக்கார்டுப் பெட்டியை நானே அடுக்கிப் பூட்டினேன். அவன் அடுக்கினால் சாவு வீட்டு ரெக்கார்டு கல்யாணத்துக்குப் போய்விடும். (இதுவரை போனதில்லை. இருந்தாலும்.)

முதலில் நாதஸ்வரம், பிறகு சினிமாப் பாட்டு. ஊசி மாற்று. தாலி கட்டும்போது சத்தத்தைக் குறை. மழை வந்தால் ஆம்ப்ளிஃபையரை மூடு. பஸ் நகர்ந்த பிறகும் ஜன்னலோடு நடந்துகொண்டே சொன்னேன்.

"தெரியுங்கண்ணா. நீங்க வூட்டுக்குப் போங்க."

உடம்பு ஓய்ந்து கிடக்கிறது. தூக்கம்தான் இல்லை.

10, புதன்

குளிக்கும்போது இடுப்பில் ஏதோ குத்தியது. பெட்டிச் சாவி! அரைஞாண் கயிற்றில், எப்போதும்போல. ஐயோ, நேற்றுச் சாயங்காலத்திலிருந்து கல்யாண வீட்டில் பாட்டே இல்லை.

கொடுத்துவிட்டு ஓடி வந்துவிடலாம் என்று ஈரத் தலையோடு பஸ் ஏறினேன். ராஜம் வாசலில் நின்று கத்தியது காதில் விழவில்லை.

பென்னாகரத்தில் இறங்கும்போதே நம் ஹாரன் சத்தம். கணீரென்று நாதஸ்வரம். ஆரோக்கியம் பந்தலோரம் காபி குடித்துக்கொண்டிருந்தான். பூட்டை நேற்றே கல்லால் உடைத்துவிட்டானாம்.

"ஏங்கண்ணா வந்தீங்க? இன்னிக்கு நம்ம புள்ளைக்கு நிச்சயமாச்சே!"

திரும்புகிற பஸ்ஸெல்லாம் முகூர்த்தக் கூட்டம், ஒன்றும் நிற்கவில்லை. வீடு சேர்ந்தபோது எச்சில் இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். தட்டு மாற்றியது மச்சினன்.

11, வியாழன்

மேகம். மழை இல்லை. ராஜம் அடுப்படியை விட்டு வரவில்லை. சுமதிதான் சோறு போட்டாள்.

"அப்பா, என் கல்யாணத்துக்கு வேற கடையில செட் சொல்லிடுங்க."

"ஏம்மா, நம்ம செட்டுக்கு என்ன?"

"நம்மளதுன்னா நீங்க ஆம்ப்ளிஃபையர்கிட்டயேதான் ஒக்காந்திருப்பீங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

14, ஞாயிறு

ஆரோக்கியம் மாதா கோயிலிலிருந்து நேரே கடைக்கு வந்தான். புதுப் பூட்டு, இரண்டு சாவி. இரண்டையும் என் முன்னால் வைத்தான்.

"ரெண்டும் நீயே வெச்சுக்க."

"ஒண்ணாவது உங்ககிட்ட இருக்கட்டுங்கண்ணா."

"வேண்டாம்டா. சுமதி கல்யாணத்துக்கும் செட் நீதான் பார்க்கணும். நான் பொண்ணுக்கு அப்பன்."

சிரித்தான். சாயங்காலம் பாலக்கோட்டுக்குச் செட் போயிற்று. பெட்டி அடுக்கியதும் அவன்தான். பஸ் ஸ்டாண்டுக்குக்கூட நான் போகவில்லை. கை மட்டும் இடுப்புக் கயிற்றைத் தடவித் தடவிப் பார்க்கிறது.