ஐந்து நிமிட ஆட்டக்காரன்

ஏப்ரல் 28
முட்டியில் ஐஸ் வைத்துக்கொண்டு டிவி பார்த்தேன். பழைய கூடைப்பந்து வீரர்கள் இன்று ஆடினால் எப்படி என்று ஒரு நிகழ்ச்சி. பேசியவன் டோனியிங். என் அணியில் எனக்குப் பந்து கொடுத்தே பேர் வாங்கியவன். என் மகள் லிகாயாவின் ஞானத்தந்தை. அதனால் எனக்குக் கும்பரே. ஒருவரையொருவர் 'பரே' என்றுதான் கூப்பிடுவோம். என் பேர் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"கோரியோவா? இன்னிக்கு ஆடினா அஞ்சு நிமிஷம் தாங்க மாட்டான். இப்பல்லாம் உசரமா இருந்தாலும் தூரத்துலேருந்து போடணும். அவனுக்குக் கூடைக்கு அடியில நிக்கத்தான் தெரியும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவனும்தான். லிகாயா டிவியை அணைத்துவிட்டு, "சோறு ஆறுது, வாங்கப்பா" என்றாள். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

ஏப்ரல் 29
எனக்கு நிற்க மட்டும்தான் தெரியுமா? பயிற்சியில் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே, மூலையில் நின்று நான் போட்டுத் தள்ளியபோது பந்து பொறுக்கிக் கொடுத்தவன் யார்? அவன்தானே! ஆட்டத்தில் ஒருமுறை அங்கே போய் நின்றதற்கு ஓடிவந்து காதோடு சொன்னான்: "கோச் கடுப்புல இருக்காரு பரே. இன்னொரு தடவை வெளிய நின்னா உன்னை பெஞ்சுல உட்கார வச்சிடுவாராம். உள்ள போ, நான் பந்து தர்றேன்."

போனேன். ஆடிய காலமெல்லாம் உள்ளேயே இடிபட்டேன். முட்டி போனது அங்கேதான். கோச்சிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கும்பரே சொன்னால் போதாதா?

மே 2
போன் செய்தேன். "டிவிக்காகச் சொன்னது பரே, அதைப் போய் மனசுல வச்சுக்கிட்டு!" எங்கள் ஊர்த் திருவிழாவில் நடக்கும் கூடைப்பந்து ஆட்டத்துக்கு மணிலாவிலிருந்து வருகிறானாம். வரட்டும்.

மே 9
வந்தான். ஊரே அவனோடு செல்ஃபி எடுத்தது. முழுப்பன்றி சுட்டு வைத்த மேசையில், பியர் உள்ளே போனதும் ஊர்த்தலைவரிடம் கதை அளக்க ஆரம்பித்தான். நான் பக்கத்தில்தான் இருக்கிறேன்.

"எங்க கோச் என்கிட்ட கத்துவாரு. இவனை மூலையில நிக்கச் சொல்லு, நல்ல கை இவனுக்குன்னு. நான் சொல்லவே இல்லையே! இவனும் வெளிய வந்து நின்னுட்டா உள்ள யாருக்குக் குடுத்து நான் பேர் வாங்குறது?"

மேசையே சிரித்தது. என் முதுகில் ஒரு தட்டு வேறு.

பாவி. கோச் பேரைச் சொல்லிப் பொய்யாடா சொன்னே? மனுஷன் செத்தும் போயாச்சு. நான் யாரைப் போய்க் கேப்பேன்?

மே 10
பழைய ஆட்டக்காரர்கள் ஆட்டம். எங்கள் ஊரில் கும்பரேக்களை எதிரெதிர் அணியில் போட மாட்டார்கள். அவனும் நானும் ஒரே அணி.

நேராக மூலைக்குப் போய் நின்றேன். என்னைத் தடுக்க ஒருவனும் வரவில்லை — கிழவன் அங்கே என்ன செய்யப்போகிறான் என்று நினைத்திருப்பார்கள். டோனியிங் பந்தைத் தட்டிக்கொண்டு வந்தான். பார்த்தான்.

"உள்ள போ, தர்றேன்!"

போகவில்லை. கையை நீட்டிக்கொண்டே நின்றேன். "கோரியோவுக்குக் குடு!" என்று கூட்டம் கத்தியது. வேறு யாருக்கோ கொடுத்தான். கடைசிவரை அப்படித்தான்.

ஒரே ஒரு பந்து கொடுத்திருக்கலாம். அது வளையத்தில் பட்டுத் தெறித்திருந்தால்கூட சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்திருப்பேன். இந்தக் காலத்தில் நான் எப்படி ஆடியிருப்பேன்? இனி யாருக்கும் தெரியாது. எனக்கே தெரியாது.

மே 11
எழுத ஒன்றுமில்லை.

நவம்பர் 20
அடுத்த மாதம் லிகாயாவுக்குக் கல்யாணம். ஞானத்தந்தைதான் சாட்சியாக நிற்க வேண்டும் என்கிறாள். அவளுக்கு அவன் ஒரு குறையும் வைத்ததில்லை. அவளே போன் போட்டுப் பேசிவிட்டு என்னிடம் நீட்டினாள்.

"எத்தனை மணிக்குக் கோயிலுக்கு வரணும் பரே?" என்றான், அதே உற்சாகத்தோடு.

"ரெண்டு மணிக்கு வந்துடுங்க சார்" என்றேன்.

"என்ன பரே, சார்ங்குறே?" என்று அவன் கேட்டபோது போனை லிகாயாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.