என் தொண்டைக்கு என் கையெழுத்து

1985 ஜனவரி 21

கழுத்துக் கட்டியை எடுத்துவிட வேண்டும் என்று மதுரை டாக்டர் சொல்லிவிட்டார். புற்று இல்லையாம், கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆனால் மூச்சுக்குழலை அழுத்துகிறதாம். மேலே ஏதோ விளக்க வந்தவர், என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, என் வீட்டுக்காரர் தேவநேசனிடம் மட்டும் பேசினார். திரும்பும் பஸ்ஸில் கேட்டேன்.

"சின்ன ஆபரேஷன்தான், ரத்தினம். நான் கையெழுத்துப் போட்டுட்டேன்."

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணிக் கம்பெனியில் வேலை பார்த்தும், விரலில் ரத்தம் கண்டால் மயங்கிச் சாய்கிற மனுஷன் இவர். என் கழுத்தை அறுக்கச் சம்மதம் கொடுத்திருக்கிறார்!

ஜனவரி 24

மூன்றாவது நாளாகப் பால்கோவா வாங்கி வருகிறார். என்னவோ இருக்கிறது.

ஜனவரி 28

ராஜபாளையத்திலிருந்து மதுரைக்கு லைன் பழுது. அந்த ஊரிலிருந்து வெளியூர் போகும் டிரங்க் கால் எல்லாம் இன்று நான் ஆப்பரேட்டராக இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் எக்ஸ்சேஞ்ச் வழியாகத்தான் போயின. ஒன்றை இணைத்துவிட்டு, இரண்டு பக்கமும் கேட்கிறதா என்று பார்த்தேன். இவர் குரல்.

"டாக்டர், குரல் போகலாம்னு சொன்னீங்கள்லா, அத அவகிட்ட சொல்லிராதீங்க. டெலிபோன் ஆப்பரேட்டர். பயந்துபோய் வேண்டாம்னுருவா."

"குரல் நரம்பு பக்கத்துல இருக்கு, கரகரத்துப் போகலாம். சரி, சொல்லல."

இணைத்ததும் விலகிவிட வேண்டும் என்பது விதி. இத்தனை வருஷத்தில் நான் மீறியதே இல்லை. இன்று மீறினேன்.

"டாக்டர், பேஷண்ட்தான் பேசுதேன்."

பிளக்கைப் பிடுங்கிவிட்டு அழுதேன்.

ஜனவரி 29

நான் பேசவில்லை. அவர் சாப்பிடவில்லை. எனக்கு எது வலிக்கிறது — குரல் போய்விடும் என்பதா, என்னைக் கேட்கவில்லை என்பதா?

லைனில் கால் கேட்ட வக்கீல் ஐயாதுரையிடம் மெதுவாக விசாரித்தேன். "வயசு வந்து, புத்தி தெளிவா இருக்கவங்க உடம்புக்கு அவங்க சம்மதம்தாம்மா வேணும். அதுவும் வெவரம் தெரிஞ்ச சம்மதம். மறைச்சு வாங்குனா அது சம்மதமே இல்ல. பொஞ்சாதி சுயநினைவோட இருக்கையில புருஷன் கையெழுத்துப் போட்டா செல்லாது" என்றார்.

அவர் கேட்ட காலை இணைத்துக் கொடுத்தேன்.

ஜனவரி 31

அவரே வாயைத் திறந்தார். "குரல் போனாலும் நீ இருக்கணும்னு நெனச்சேன், ரத்தினம்."

"அத எங்கிட்ட சொன்னா என்ன?"

"சொல்லி, நீ மாட்டேன்னுட்டு, மூச்சு முட்டிச் செத்துப் போனா நான் என்ன செய்ய?"

தேம்பித் தேம்பி அழுதார். மக்கு மனுஷன். என்மேல் உயிரையே வைத்திருக்கிறார், ஒரு வார்த்தை கேட்கத்தான் தெரியவில்லை. தலையைக் கோதிவிட்டேன். கோபம் தீரவில்லை, ஆனாலும் கோதினேன்.

பிப்ரவரி 6

மதுரை. இவரையும் பக்கத்திலேயே உட்காரச் சொன்னேன். செய்யாவிட்டால் என்ன ஆகும்? பாதி மட்டும் எடுத்தால்? போன குரல் திரும்புமா? எல்லாம் கேட்டேன். டாக்டர் படம் வரைந்து காட்டினார். "மொதல்லயே உங்ககிட்டதான் சொல்லியிருக்கணும்மா" என்று இவர் கையெழுத்துப் போட்ட தாளைக் கிழித்துவிட்டுப் புதுசு வைத்தார்.

பேனாவைப் பிடித்தபடி தாளை முழுசும் வாசித்தேன். வேண்டாம் என்று எழுந்து போகவும் என்னால் முடியும். இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். போடு என்று அவசரப்படுத்தவில்லை. பாவம், எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பார்.

போட்டேன்.

பிப்ரவரி 19

நாளை ஆபரேஷன். பயம்தான். ஆனால் எதற்குப் பயப்படுகிறேன் என்று தெரிகிறது.

பிப்ரவரி 23

தண்ணீர் கேட்டேன். வேறு யாரோ கேட்டது போல இருந்தது. இவர் என் கையை விடவே இல்லை.

ஏப்ரல் 15

மறுபடி டூட்டி. முதல் கால், கூமாப்பட்டி உரக்கடைக்காரர். எப்போதும் என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுகிறவர்.

"சார், மதுரைக்கு ஒரு கால் போடுங்க சார்" என்றார்.

"போடுதேன், லைன்ல இருங்க" என்றேன்.