தராசைப் படித்தவள்

இன்று காலை என் மேசைக்கு அடியிலிருந்த அட்டைப்பெட்டியைத் திறந்தேன். மதுரை வெயிலில் ஏலக்காய் வாசம் அறை முழுவதும் எழுந்தது. காய் உலர்த்தும் கட்டடத்தில் வருஷக்கணக்காகக் கிடந்த வருகைப் பதிவேடுகள் அல்லவா, தாளுக்குள்ளேயே ஊறியிருக்கிறது. எஸ்டேட்டில் பழசையெல்லாம் எரிக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், நீதான் கேட்டு வாங்கி, உன் பழைய சேலையில் மூட்டையாகக் கட்டி, போடிமெட்டிலிருந்து ஜீப்பில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாய். "உன் சோலிக்கு ஆகுமான்னு பாரு" என்றாய். என் புத்தகத்தின் இரண்டாம் பதிப்புக்காக அவற்றை மறுபடி புரட்ட வேண்டியிருக்கிறது. நீ போய் நான்கு மாதம் ஆகிறது.

போடியில் பத்தாம் வகுப்பு வரை நாம் ஒரே பெஞ்சு. சிலமலையிலிருந்து பஸ்ஸில் வருவாய். கட்டுரைப் பாடத்தில் உன்னைப் பார்த்து எழுதித்தான் நான் தேறினேன் என்பதை என் மாணவர்களிடம் இன்றுவரை சொன்னதில்லை. என் அத்தா ஏலக்காய் வியாபாரி, என்னைக் கல்லூரிக்கு அனுப்பினார். உன் அப்பா படுத்த படுக்கையானதால் நீ மலைத்தோட்டத்தில் ஏலக்காய் எடுக்கப் போகும் கூலிப் பெண்களின் ஜீப்பில் ஏறினாய். நான் பொருளாதார வரலாறு படித்துப் பேராசிரியை ஆனேன். என் ஆராய்ச்சி என்னவென்று ஒருமுறை விளக்கினேன். சிரிப்பை அடக்கவே உனக்கு நேரமாயிற்று. "படிச்சவுக வீடு முன்னேறுச்சா, படிக்காதவுக வீடு முன்னேறுச்சான்னு பாக்குறதுக்கா உனக்குச் சம்பளம் தர்றாக?" என்றாய்.

ஆமாம், அதற்குத்தான். அந்தக் காலத்தில் யார் படித்தவர் என்று அறிய எங்கள் துறையில் ஒரு வழி உண்டு. பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவருக்கு எழுதத் தெரியும், ரேகை வைத்தவருக்குத் தெரியாது. நீ தந்த பதிவேடுகளில் அப்படித்தான் கையெழுத்துக்கு ஒன்று, ரேகைக்குச் சுழியம் என்று ஒவ்வொரு பெயருக்கும் போட்டேன். பிறகு அந்தக் குடும்பங்கள் இன்று எப்படி இருக்கின்றன என்று ஊர் ஊராகப் போய் விசாரித்தேன். ரேகை வைத்த பெண்களின் வீடுகளும் நன்றாகவே முன்னேறியிருந்தன. பிள்ளைகள் கல்லூரிக்குப் போயிருந்தார்கள். ஆகவே இந்த மலைச்சரிவின் வளர்ச்சிக்கும் படிப்புக்கும் பெரிய தொடர்பில்லை என்று எழுதினேன். பாராட்டுகள் வந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை.

புத்தகத்தை உனக்கும் அனுப்பினேன். நீ படிப்பாய் என்று நினைத்து அனுப்பவில்லை, அதுவும் உண்மை. இருபதே நாளில் போன் செய்தாய். வரிவரியாகப் படித்திருந்தாய். ரேகை வைத்தவர்களில் எழுதத் தெரிந்தவர்கள் உண்டு, நீயே அதில் ஒருத்தி என்றாய். கையெழுத்துப் போடுகிறவள் கணக்குக் கேட்பாள் என்று கங்காணிக்கு அவளைப் பிடிக்காதாம். மறுநாள் ஜீப்பில் அவளுக்கு இடம் இருக்காதாம். அதனால் உங்கள் ஜீப்பில் எல்லோருமே பெருவிரலை நீட்டுவீர்களாம்.

நீயே எனக்குச் சமாதானமும் சொன்னாய். "ஒரே பேருல நாலஞ்சு பேரு இருப்பாக. நான்னு நீ கவனிச்சிருக்க மாட்ட. விடு. ஆனா திருத்திப் போட்டுரு."

கவனிக்கவில்லை என்றுதான் நானும் சொன்னேன். அடுத்த காய் எடுப்புக்கு வருகிறேன், அந்தப் பெண்களிடம் உட்கார்ந்து கேட்கிறேன் என்றேன். போகவில்லை. திருத்தினால் புத்தகத்தின் அஸ்திவாரமே சரிந்துவிடும் என்ற பயம். கருத்தரங்கு, தேர்வுத்தாள் என்று உன்னிடம் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். உனக்கு நெஞ்சுவலி வந்த செய்தியும் நீ போய்விட்ட செய்தியும் ஒரே போனில் வந்தன.

சிலமலையில் உன் வீட்டு வாசலில் உன் ஜீப்புக்காரிகள் உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்குத்தான் அவர்களிடம் பேசினேன். எடுத்த காயின் எடைக்குத்தான் கூலி. எடை போடும்போது நீ எப்போதும் தராசுக்குப் பக்கத்திலேயே நிற்பாயாம். படிக்கிறாய் என்று யாருக்கும் தெரியாமல் எண்ணைப் படித்து, எழுதுகிறவர் குறைத்து எழுதினால் தலையைச் சொறிவாயாம். உடனே யாராவது ஒருத்தி சந்தேகம் என்று மறுபடி எடை போடச் சொல்வாளாம். "பன்னெண்டு பேரு காயிக்கும் அவ கண்ணுதான்க்கா. எங்க பிள்ளைக படிச்சது அதுலதான்" என்றாள் ஒருத்தி. நீ இதை எனக்குச் சொன்னதே இல்லை. நானும் கேட்டதில்லை. ஒருத்தியின் படிப்பு பன்னிரண்டு வீடுகளை மேலேற்றியிருக்கிறது. படிப்பு பயன்படவில்லை என்று நான் எழுதியது அந்த வீடுகளைப் பற்றித்தான்.

அந்த அத்தியாயத்தை முழுக்க அடித்துவிட்டு மறுபடி எழுதுகிறேன். அதில் எனக்குச் சிரமமில்லை. ஒரு வரிதான் நெஞ்சை அறுக்கிறது. பதிவேட்டில் உன் பெயரைப் பார்த்தபோது என் விரல் அங்கே நின்றது. பக்கத்தில் உன் அப்பா பெயர், ஊர் சிலமலை. நீதான் என்று தெரிந்தது. என்னைவிட நன்றாக எழுதுகிறவள் என்றும் தெரியும். ஒருத்திக்காக ஆராய்ச்சி விதியை மாற்ற வேண்டுமா என்று நினைத்து, சுழியம் போட்டுவிட்டுப் பக்கத்தைத் திருப்பினேன். கவனிக்காமல் விட்டேன் என்று நம்பிக்கொண்டே நீ போய்விட்டாய்.