வீடு எங்கே, மோளே?

ஜூன் 8
கேரளாவில் விழிஞ்ஞம் வந்து ஒரு வாரம். என் வீட்டுக்காரர் பாண்டிக்குத் துறைமுகத்தில் கிரேன் வேலை. காரைக்கால், எண்ணூர், முந்த்ரா – இப்போது இங்கே. பாத்திரங்களைப் பிரித்து அடுக்கிவிட்டேன். மீரா மட்டும் தன் துணிப்பையைத் திறக்க விடமாட்டேன் என்கிறாள். ஏழு வயசுப் பிள்ளைக்கு என்ன பிடிவாதம்!

ஜூன் 21
பக்கத்து வீட்டு ஷிஜா கேட்டாள்: "சேச்சி, மோள் யாரோடயும் மிண்டவே மாட்டேங்குதல்லோ?" பள்ளிக்கூடத்திலும் பேசுவதில்லையாம். பக்கத்தில் உட்காரும் பிள்ளையின் பெயரை மீராவிடம் கேட்டேன்.
"தெரியாது."
"கேட்டுக்கக் கூடாதா?"
"எப்படியும் போகத்தான போறோம். பேரு எதுக்கும்மா?"
தோசை கருகியதுகூடத் தெரியாமல் நின்றேன்.

ஜூலை 4
செருப்போடு தூங்குகிறாள். கழற்றப் போனால் காலை இழுத்துக்கொண்டாள். "எழுப்புனா ஒடனே கெளம்பலாம்ல." பாண்டியிடம் சொல்லவில்லை. சொல்லி? நான் மட்டும் இந்தச் சுவரில் ஒரு ஆணி அடித்தேனா?

ஜூலை 12
மழை. நான் உள்ளே வந்ததும் பாண்டி போனில் குரலைத் தாழ்த்தினார். அந்தக் குரல் எனக்குத் தெரியும்.

ஜூலை 15
பாரதீப்பாம். ஒரிசா. "அடுத்த மாசம் அங்க இருக்கணும், செண்பகம். நான் என்ன செய்ய? கூப்புடுற எடத்துலதான சோறு." மீரா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு இத்தனை பயம் இருந்திருக்காது.

ஜூலை 23
பள்ளிக்கூடம் விட்டு மீரா வரவில்லை. நானும் ஷிஜாவும் மழையில் – படகுகளுக்கு நடுவில், வலைகளுக்கு அடியில் – பெயர் சொல்லிக் கத்திக்கொண்டு... கடல் பக்கம் திரும்பவே தைரியம் வரவில்லை. அப்புறம்தான் திருவனந்தபுரம் தம்பானூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து போன். தனியாகப் பஸ் ஏறியிருக்கிறாள். கண்டக்டர் ஜெயன் அவள் பையிலிருந்த நம்பரைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறார். பாண்டியும் நானும் ஓடினோம். "வீடு எவிடெ மோளேன்னு கேட்டேன். 'அப்பா இன்னும் சொல்லல'ன்னு சொல்லுது, கேட்டோ" என்றார் ஜெயன்.
பாண்டி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஜூலை 24
"நீங்க போங்க. நாங்க வரல." நானா சொன்னேன்?

ஆகஸ்ட் 6
பாண்டியை ரயிலேற்றிவிட்டு வந்தோம். ஜன்னல் கம்பி வழியே கையை நீட்டி, வண்டி நகரும்வரை மீராவின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். இனி தீபாவளிக்குத்தான்.
திரும்பும் பஸ்ஸில் மீரா கேட்டாள்: "அடுத்து நீ எப்பம்மா போவ?"
"நான் எங்கயும் போமாட்டேன்டா."
சரி என்று தலையாட்டினாள். விழிஞ்ஞம் வரும்வரை என் முந்தானையை விரலில் சுற்றி இறுக்கிப் பிடித்திருந்தாள்.